திறந்த காது ஹெட்போன்

இந்தப் பெருநாள் விடுமுறையில் வீட்டை விட்டு ஓரடிகூட நகரப் போவதில்லை என்று தீர்மானம் செய்தேன். சாதாரணத் தீர்மானம் இல்லை. எங்கள் அம்மான் நகரத்து மலைகள் வேண்டுமானால் இடம் மாறட்டும், நான் என் சோபாவை விட்டு மாறமாட்டேன் என்கிற அளவுக்கு உறுதியானது. பெரிய டிவி வாங்கியாயிற்று. பார்க்க வேண்டிய குதிரைப் படங்களைச் சேர்த்து வைத்தாயிற்று. குதிரை ஓடும், வாள் சுழலும், நான் பூசணி விதை கொறித்துக்கொண்டு கிடப்பேன். ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்தத் தீர்மானத்தை என் மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. தீர்மானம் செய்ய ஒரு தைரியம் போதும். சொல்ல வேறு தைரியம் வேண்டும்.

ஏனென்றால் அவளிடமும் ஒரு தீர்மானம் இருந்தது. அதன் பெயர் அகபா.

"பெருநாளுக்கு அகபா போறோம்" என்றாள் சுஹா. எங்கள் பையன் பெயர் கைஸ் என்பதால் ஊருக்கு அவள் உம்மு கைஸ், நான் அபூ கைஸ். பையன் இர்பிதில் படிக்கிறான், தப்பித்துவிட்டான்.

"அகபாவா? அங்க என்ன இருக்கு?"

"கடல் இருக்கு. நீங்க பூகோள வாத்தியார்தானே? ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் குச்சியை வச்சுச் செங்கடலைக் காட்டுறீங்க. கட்டினவளுக்குக் காட்டமாட்டீங்களா?"

"கடல்தானே வேணும்? சாக்கடல் இருக்கே. வெள்ளிக்கிழமை காலையில போனா மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிடலாம்."

"அது பேரே சாக்கடல். முகம் கழுவினா கண்ணு போயிடும். எனக்கு உசுருள்ள கடல் வேணும். மீன் இருக்கிற கடல். கால் நனைச்சா குளுகுளுன்னு இருக்கிற கடல்."

"பார்க்கலாம்" என்றேன்.

"பார்க்கலாம்னா மாட்டேன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். கடைசியாக அகபா போனபோது நான் பட்ட பாடு அவளுக்குத் தெரியாதா? பாலைவன நெடுஞ்சாலை. என் சின்னக் கார். பின்னால் மாமியார், மச்சினி, மச்சினியின் பிள்ளைகள், மடியில் ஒரு தர்பூசணி. நடுவழியில் ஏசி நின்றுவிட்டது. மாமியார் என்னைப் பார்த்தார். ஏசியை நான்தான் வாயால் ஊதி அணைத்துவிட்டேன் என்பது போலப் பார்த்தார். அந்தப் பார்வையின் சூடு இன்னும் என் முதுகில் இருக்கிறது.

அகபாப் பேச்சு அப்படியே நிற்கும்போதுதான் ஒரு மாலையில் சின்னச் சண்டை வந்தது. திரையில் குதிரைப்படை பாய்ந்து வருகிறது. முக்கியமான கட்டம். சத்தத்தை ஏற்றினேன். சமையலறையிலிருந்து சுஹா கரண்டியோடு வந்து நின்றாள்.

"அபூ கைஸ், உங்க குதிரையெல்லாம் என் பாத்திரம் மேலதான் ஓடுது. மூடி தானா ஆடுது. ஸர்காவுல இருக்கிற என் தங்கச்சி போன்ல கேக்குறா, 'அக்கா, வீட்டுல சண்டையா'ன்னு."

"போர்ப் படம்னா சத்தம் இருக்கத்தான் செய்யும்."

"இருக்கட்டும். உங்க காதுக்குள்ள இருக்கட்டும். ஒரு ஹெட்போன் வாங்கிக்கோங்க."

நான் திகைத்துப் போனேன். என் எதிரியே எனக்குக் கோட்டை கட்டித் தருகிறேன் என்கிறாளே! காதில் அதை மாட்டிவிட்டால் அகபாவும் கேட்காது, அங்காடியும் கேட்காது. அவள் மனம் மாறுவதற்குள் அடுத்த நாளே பழைய கடைத்தெருவுக்கு ஓடினேன்.

கடைக்காரர் பெயர் ஜிர்யிஸ். தொப்பையை மேசைமேல் வைத்துவிட்டு அதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்.

"எதுக்கு, உஸ்தாத்? பாட்டுக்கா, போன் பேசவா, படம் பார்க்கவா?"

"படத்துக்கு. வீட்டுல."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஹெட்போனுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதுலதானே எல்லாமே இருக்கு. ஆகாதவருக்கு நான் காட்டுற சரக்கு வேற, ஆனவருக்குக் காட்டுறது வேற."

முதலில் வயர் இல்லாத ஒன்றை எடுத்தார். "இது வசதி. வீடு முழுக்க நடக்கலாம். ஆனா இந்த விலையில வர்றதுல ஒரு சங்கடம். படத்துல உதடு முதல்ல அசையும், பேச்சு கொஞ்சம் பின்னாடி வரும்."

"எங்க வீட்டுல நேர்மாறு. என் உதடு அசையறதுக்கு முன்னாடியே பதில் வந்துடும்."

அவர் சிரிக்கவில்லை. கல்யாணம் ஆனவர்போல.

அடுத்து ஒன்றை எடுத்து என் தலையில் மாட்டினார். கனமான, மெத்தென்ற, காதை முழுசாக மூடுகிற வகை. மாட்டியதும் கடைத்தெருவே காணாமல் போயிற்று. டாக்ஸி ஹாரன் இல்லை. கேசட் கடைப் பாட்டு இல்லை. ஜிர்யிஸின் வாய் அசைகிறது, சத்தமே இல்லை. ஆகா! இதைத் தலையில் மாட்டிக்கொண்டே கல்யாணம் செய்திருக்கலாமே என்று தோன்றியது.

ஆனால் உடனே ஒரு பயமும் வந்தது. எனக்கு எதுவும் கேட்காது என்று தெரிந்தால் வீட்டில் என்னவெல்லாம் நடக்கும்? என் தலைக்கு மேலேயே அகபாவுக்கு மூட்டை கட்டுவார்களே! எதிரி பேசுவது கேட்காவிட்டால் அது என்ன கோட்டை? கழற்றிக் கொடுத்தேன்.

"அப்போ இதைப் பாருங்க" என்று மூன்றாவதை எடுத்தார் ஜிர்யிஸ். "இது திறந்த காது. வெளிப்பக்கம் சல்லடை மாதிரி கம்பிவலை இருக்கு பாருங்க. அடைப்பே கிடையாது. அதனால சத்தம் காதுக்குள்ள அடைச்சுக்கிட்டு இருக்காது, ரூமுல நாலு பக்கமும் இருந்து வர்ற மாதிரி இருக்கும். காது வேர்க்காது. வீட்டுல உக்காந்து படம் பார்க்க இதுக்கு மேல ஒண்ணு கிடையாது. ஒரே ஒரு குறை. வெளிச் சத்தம் உள்ள வரும், உள்ள இருக்கிற..."

"வெளிச் சத்தம் உள்ள வருமா?"

"வரும். படத்தோட சத்தத்தை அடியோட குறைச்சீங்கன்னா பக்கத்துல பேசுறது அப்படியே கேக்கும். அதே மாதிரி உள்ள ஓடுற..."

"இதையே கொடுங்க."

"உஸ்தாத், நான் இன்னும் முழுசாச் சொல்லலை."

"போதும். நான் வாத்தியார். பாதி சொன்னாலே புரிஞ்சுக்குவேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டுப் பையில் போட்டார்.

வீட்டுக்கு வந்து வயரை டிவியில் சொருகி, கம்பளத்தின் மேலாக சோபா வரைக்கும் இழுத்து, ராஜா கிரீடம் வைப்பதுபோல மாட்டிக்கொண்டேன்.

"இதைப் போட்டா எதுவும் கேக்காதா?" என்றாள் சுஹா.

"இடி விழுந்தாலும் கேக்காது."

"நான் கூப்பிட்டா?"

"நீ கூப்பிட்டாலுமா கேக்காதுன்னு கேக்குறியா? கேக்காது. என்ன செய்யறது, அதோட அமைப்பு அப்படி."

"அடப் பாவமே" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். என் மேல் எவ்வளவு இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் என் வாழ்க்கையின் பொற்காலம். யாராவது பேச ஆரம்பித்தால் ரிமோட்டில் சத்தத்தை மெதுவாக அடியோடு இறக்கிவிடுவேன். திரையில் குதிரைகள் ஊமையாக ஓடிக்கொண்டிருக்கும். என் கண் திரையில், காது வீட்டில். பார்க்கிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. யாருக்கு வரும் இந்த மூளை?

ஒருநாள் சுஹா ஒரு பெரிய கட்டு முலூக்கியாக் கீரை வாங்கி வந்து கம்பளத்தில் கொட்டினாள். காம்பிலிருந்து இலையைக் கிள்ளுகிற வேலை இருக்கிறதே, உட்கார்ந்தால் இடுப்பு போய்விடும். மேல்வீட்டு உம்மு ஹாஸிம் துணைக்கு வந்திருந்தாள். வாய் ஓயாத பெண்மணி. கட்டடத்துச் செய்தி எதுவும் அவள் வழியாகத்தான் போகும்.

"அபூ கைஸ்! நீங்களும் ரெண்டு காம்பு கிள்ளுங்களேன்!" என்றாள் சுஹா.

நான் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அபூ கைஸ்!"

"விடுடி" என்றாள் உம்மு ஹாஸிம். "அந்த மனுஷன்தான் செவிட்டு மிஷினை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காரே."

"அதுவும் நல்லதுக்குத்தான். முன்னாடி காது கேட்டும் எழுந்திருக்கமாட்டாரு. எனக்கு ஆத்திரமா வரும். இப்போ கேக்கலை, எழுந்திருக்கலை. நியாயம்தானே?"

"எங்க வீட்டுல அபூ ஹாஸிம் இருக்காரே, அவருக்கு மிஷினே வேண்டாம். பொறந்ததுலேர்ந்தே அப்படி."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நல்லவேளையாகத் திரையில் ஒருவன் குதிரையிலிருந்து விழுந்தான். அதற்குச் சிரித்ததாகச் சிரித்துக்கொண்டேன். செத்துப்போகிறவனைப் பார்த்து ஏன் சிரிக்கிறான் இந்த மனுஷன் என்று நினைத்திருப்பார்கள்.

இன்னொரு நாள் கேஸ் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் வந்தது. "சிலிண்டர் தீர்ந்துபோச்சு, ஓடிப்போய் நிறுத்துங்க!" என்று சுஹா கத்தினாள். நான் அசையவில்லை. அவளே பால்கனியிலிருந்து குரல் கொடுத்து நிறுத்தினாள். வண்டிக்காரனே சிலிண்டரைத் தூக்கி மாடிக்குக் கொண்டுவந்தான். இத்தனை வருஷமாக நான் எதற்கு ஓடினேன் என்று எனக்குப் புரியவில்லை.

பெருநாள் நெருங்கியதும் வீடு முழுக்க நெய் வாசனை. சுஹாவும் உம்மு ஹாஸிமும் சேர்ந்து பேரீச்சம்பழம் வைத்த மாமூல் பலகாரம் சுட்டார்கள். பெயரிலேயே மாமூல். பெருநாளுக்கு வீடு தேடி வருகிறவர்கள் அதை வாங்காமல் போகமாட்டார்கள். விருந்தாளிகளுக்கு முன்னால் அதைத் தொட எனக்கு உரிமை கிடையாது. வருஷா வருஷம் எங்கேயோ ஒளித்துவைப்பாள், நான் வருஷா வருஷம் தேடித் தோற்பேன்.

"இந்த வருஷம் எங்கேடி வைக்கப் போறே?" என்று என் பக்கத்திலேயே நின்று கேட்டாள் உம்மு ஹாஸிம்.

ரிமோட்டை அழுத்தினேன். குதிரைகள் ஊமையாயின.

"குளிர்காலக் கம்பளிப் பெட்டிக்குள்ள" என்றாள் சுஹா. "இந்த வெயில்ல அதை யாரு திறக்கப் போறா?"

அவள் கடைக்குப் போனதும் நான் திறந்தேன். ஒன்றே ஒன்றுதான் எடுத்தேன். பிறகு அதற்குத் துணையாக இன்னொன்று. மூடுகிற நேரத்தில் சுஹா உள்ளே வந்துவிட்டாள்.

"கம்பளிப் பெட்டிகிட்ட என்ன பண்றீங்க?"

"குளிருது" என்றேன்.

வெளியே தார் உருகுகிற வெயில். அவள் என் மீசையைப் பார்த்தாள். மீசையில் சர்க்கரைத் தூள் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "சரி, போர்த்திக்கோங்க" என்றாள். என்ன அப்பாவி! நான் அந்த மாலை முழுக்கக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வியர்வையில் நனைந்தபடி படம் பார்த்தேன்.

அதற்கு மறுநாள்தான் நான் எதிர்பார்த்த சதி காதில் விழுந்தது. சுஹாவும் உம்மு ஹாஸிமும் சோபாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கத்தரிக்காய் குடைந்துகொண்டிருந்தார்கள். அகபா என்ற சொல் வந்ததும் நான் குதிரைகளை ஊமையாக்கினேன்.

"எப்படிடி சம்மதிக்க வைக்கப் போறே?"

"என் தம்பி ஃபவ்வாஸ் இருக்கானே, அவன் வியாழக்கிழமை வர்றான். ஆள் சேர்த்துக்கிட்டு, முறையா, காபிக் கோப்பையைக் கீழ வச்சுக் கேக்கப் போறான்."

"அடியம்மா! காபியை வச்சா? அப்போ மனுஷன் தப்பிக்க முடியாதே!"

"மெதுவாப் பேசு. யாருகிட்டயும் சொல்லிடாதே. செவ்வாய்க்கிழமை கரக்லேர்ந்து எங்க பெரியப்பா வர்றாரு, முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்க்க. அவருகிட்டகூட வாய் தவறி உளறிடாதே. அவரு பாட்டுக்கு வந்து காபியைக் குடிச்சுட்டுப் போகட்டும்."

காபியை வைத்துக் கேட்பது என்றால் சின்ன விஷயமா? எங்கள் பக்கத்து வழக்கம் அது. பெரிய காரியம் கேட்டு வருகிறவர் காபியை வாங்கிக் குடிக்காமல் முன்னால் வைத்துவிடுவார். கோரிக்கையைச் சொல்வார். வீட்டுக்காரர் 'காபியைக் குடிங்க' என்று சொல்லிவிட்டால் சம்மதம் என்று பொருள். அதற்குப் பிறகு பேச்சு மாற முடியாது. மாறினால் தெருவில் தலைகாட்ட முடியாது. பெண் கேட்பதும் அப்படித்தான், பகை தீர்ப்பதும் அப்படித்தான். என் கல்யாணமே அப்படித்தான் நடந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர் கோப்பையைக் கீழே வைத்தார், சுஹாவின் அப்பா "குடிங்க" என்றார். அவர் குடித்துவிட்டுப் போய்விட்டார். கசப்பு மட்டும் எனக்கு.

ஆனால் வியாழக்கிழமை என்று எனக்குத்தான் தெரிந்துவிட்டதே! அன்றைக்கு ஃபவ்வாஸ் உள்ளே வரும்போது நான் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பேன். அவன் பேசுவான். நான் குதிரையைப் பார்ப்பேன். கேட்காத கோரிக்கைக்கு ஏது பதில்? கோப்பை ஆறிப்போய், அவன் எழுந்து போகவேண்டியதுதான். நானும் 'அடடா, வந்தியா மாப்பிள்ளை, கவனிக்கவே இல்லையே' என்பேன். படுக்கப் போகும்போதுகூடச் சிரித்துக்கொண்டேதான் போனேன்.

செவ்வாய்க்கிழமை பெரியவர் வந்தார். தியாப் மாமா, சுஹாவுடைய அப்பாவின் அண்ணன். உயரமான மனிதர், தலையில் சிவப்புக் கட்டம் போட்ட துணி, கையில் கைத்தடி. அவரைக் காரில் கொண்டுவந்து விட்டவன் ஃபவ்வாஸ். அவனைப் பார்த்ததும் இன்றைக்குச் செவ்வாய்தானா என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். பெரியவருக்கு வணக்கம் சொல்ல அபூ ஹாஸிமும் மேலிருந்து இறங்கி வந்தார்.

ஏலக்காய் போட்ட கசப்புக் காபி வந்தது. என் கண் முழுக்க ஃபவ்வாஸின் கோப்பை மேல். வைக்கிறானா? வைக்கிறானா? அவன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, போதும் என்பதற்கு அடையாளமாகக் கோப்பையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தான். அப்பாடா! வியாழக்கிழமை வரைக்கும் கவலை இல்லை.

தியாப் மாமா தன் கோப்பையை வாங்கினார். "சூடா இருக்கு, ஆறட்டும்" என்று முன்னாலிருந்த சின்ன மேசையில் வைத்தார். பிறகு சோபாவில் கிடந்த ஹெட்போனைக் கைத்தடியால் காட்டினார்.

"இதுதான் அந்த மிஷினா, மருமகனே? கரக் வரைக்கும் பேச்சு வந்துடுச்சு. இதைப் போட்டா உலகமே கேக்காதாமே?"

"ஆமா மாமா. இடி விழுந்தாலும் கேக்காது."

"நம்ப முடியலையேப்பா. எங்க, போட்டுக் காட்டு. நான் எதையாவது பேசுறேன். கேக்குதான்னு பார்ப்போம்."

"விருந்தாளியை வச்சுக்கிட்டு நான் எப்படி..."

"நான்தான் சொல்றேன்ல, போடு."

நான் சுஹாவைப் பார்த்தேன். அவள் கதவோரம் உம்மு ஹாஸிமோடு நின்று என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பகீரென்றது. இது பரீட்சை! பெரியவர் ஏதாவது தமாஷாகச் சொல்லி நான் சிரித்துத் தொலைத்தால் என் பொற்காலம் அத்தோடு முடிந்தது. அத்தனை பேர் முன்னாலும் மானம் போகும். எதுவும் காதில் விழாமல் இருந்தால்தான் எனக்குப் பத்திரம். குதிரைப் படத்தைப் போட்டேன். சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினேன். என் மண்டைக்குள் ஒரு படையே பாய்ந்தது.

தியாப் மாமா எழுந்து நின்றார். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார். கையை நெஞ்சில் வைத்துப் பேச ஆரம்பித்தார். நீளமாகப் பேசினார். நடுவில் சுஹாவைக் காட்டினார், வானத்தைக் காட்டினார், தெற்குப் பக்கம் காட்டினார். முழங்கால் வலியோடு இவ்வளவு நேரம் நிற்கிறாரே என்று எனக்குப் பாவமாக இருந்தது. என்ன நடிப்பு! சிரிக்க வைக்கத்தான் பார்க்கிறார் என்று நினைத்து நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன்.

பேசி முடித்து உட்கார்ந்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒண்ணுமே கேக்கல, மாமா!" என்று கத்தினேன். ஹெட்போன் மாட்டினவனுக்குத் தன் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாது.

அவர் தலையாட்டிச் சிரித்தார். அப்போதுதான் அந்தக் கோப்பை என் கண்ணில் பட்டது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. கரக்கிலிருந்து வந்த பெரியவர், என் வீட்டில், ஆறிப்போன காபி! எனக்குள் இருக்கிற வீட்டுக்காரன் விழித்துக்கொண்டான்.

"மாமா! காபி ஆறிப்போச்சு பாருங்க! குடிங்க! உங்க காபியைக் குடிங்க!"

அவர் கோப்பையை எடுத்தார். என் கண்ணைப் பார்த்தபடியே குடித்தார். கோப்பையை ஆட்டினார். உம்மு ஹாஸிம் வாயில் கை வைத்து நாக்கைச் சுழற்றினாள். குதிரைப்படையையும் மீறி அந்தக் குலவை என் காதில் விழுந்தது.

ஹெட்போனைக் கழற்றினேன். அபூ ஹாஸிம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஃபவ்வாஸ் என் நெற்றியில் முத்தமிட்டான்.

"என்ன? என்ன ஆச்சு?"

"நீ நல்லா இருக்கணும், மருமகனே" என்றார் தியாப் மாமா. "எங்க பொண்ணு முகத்துக்காக ஒண்ணு கேட்டேன். ரெண்டாவது வார்த்தை பேசாம குடிங்கன்னுட்டே. பெருநாள் அன்னைக்கு மத்தியானம் கிளம்பிடுங்க. வெயில் தாழ்ந்ததும் அகபா போய்ச் சேர்ந்துடலாம்."

"மாமா, எனக்குக் கேக்கவே இல்லை! நான்தான் சொன்னேனே, ஒண்ணும் கேக்கலைன்னு!"

அவர் முகம் மாறியது. "அப்போ ஒரு பெரியவன் எழுந்து நின்னு பேசினது உன் காதுல விழலை. விழாமலேயே காபியைக் குடிக்கச் சொன்னே. அப்படித்தானே? இதை நான் கரக்ல போய்ச் சொல்லட்டுமா?"

சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். கரக்கில் இருக்கிற அத்தனை உறவினரும் என் கண்முன் வந்து நின்றார்கள்.

"கேட்டுச்சு, மாமா" என்றேன். "லேசாக் கேட்டுச்சு. அகபா நல்ல ஊர்."

எல்லாரும் போன பிறகு சுஹா கோப்பைகளைத் தட்டில் அடுக்கினாள். பாட்டு ஒன்றை முணுமுணுத்தாள்.

"வியாழக்கிழமை ஃபவ்வாஸ்தானே வர்றதா இருந்தது?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் ரிமோட்டைத் தேட ஆரம்பித்தேன்.

"கம்பளிப் பெட்டியிலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அபூ கைஸ். மாமூல் அங்க இருக்குன்னு உம்மு ஹாஸிம்கிட்ட மட்டும்தான் சொன்னேன். அதுவும் உங்க பக்கத்துல நின்னு. போட்டுக்கிட்டே கேக்குறீங்களா இல்லையான்னு பார்க்கத்தான் சொன்னேன். வியாழக்கிழமையும் அப்படித்தான், உங்க காதுக்காகவே சொன்னது."

"சரி. நான் கேட்பேன்னு உனக்குத் தெரியும். அப்போ இன்னைக்கு நான் நெஜமாவே கேக்கலைன்னு எப்படித் தெரியும்? பெரியவர் பேசுறது என் காதுல விழுந்திருந்தா?"

சுஹா தட்டைக் கீழே வைத்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஹெட்போனை எடுத்து என் மடியில் வைத்தாள். படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மாட்டாமலேயே எனக்குக் கேட்டது. கம்பிவலை வழியாகக் குதிரைகள் டக் டக் டக்கென்று ஓடிக்கொண்டிருந்தன.

"கேக்குதா?" என்றாள். "சமையலறை வரைக்கும் வரும். முதல் நாளே வந்துச்சு. நீங்க படம் பார்க்குறப்போ ஓடும். நாங்க பேசுறதை ஒட்டுக்கேக்க ஆரம்பிச்சீங்கன்னா உடனே நின்னுடும். முலூக்கியா கிள்ளினப்போ நின்னுச்சு. கேஸ் வண்டி வந்தப்போ நின்னுச்சு. கத்தரிக்காய் குடைஞ்சப்போ நின்னுச்சு. இன்னைக்குத்தான் பெரியப்பா பேசி முடிக்கிற வரைக்கும் நிக்காம ஓடுச்சு."

ஜிர்யிஸ் அன்றைக்கு முடிக்காமல் விட்ட மிச்சப் பாதி வாக்கியம் அப்போதுதான் எனக்கு வந்து சேர்ந்தது.

"கோபமா?" என்றாள்.

கோபப்பட முயற்சி செய்தேன். வரவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணமான புதிதில் பார்த்தது. ஒரு கடலுக்காக இந்தப் பெண் இவ்வளவு மூளையைச் செலவழித்திருக்கிறாளே, முதலிலேயே சரி என்று சொல்லியிருக்கலாமே என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. மூளையை அவள் பக்கமும் ஹெட்போனை என் பக்கமும் வைத்தவன் இறைவன். நான் என்ன செய்ய?

அகபா போனோம். மாமியார் வந்தார், மச்சினி வந்தாள், பிள்ளைகள் வந்தார்கள், தர்பூசணியும் வந்தது. ஏசி வழியில் நிற்கவில்லை. மாமியார் அதற்காகக்கூட என்னைப் பாராட்டவில்லை. அதுவும் பரவாயில்லை. கடல் நீலமாக இருந்தது. பள்ளிக்கூட வரைபடத்தில் இருப்பதைவிட நல்ல நீலம். மீன் பொரித்துச் சாப்பிட்டோம். சுஹா முழங்கால் வரை நனைந்து நின்று, பிள்ளை மாதிரி என்னைப் பார்த்துக் கையசைத்தாள். மெய்யாகச் சொல்கிறேன், என் குதிரைகளை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

பிறகு கரைக்கு வந்தாள். பையிலிருந்து என் ஹெட்போனை எடுத்துத் தன் போனில் சொருகி மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எடுத்து வந்திருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் தண்ணீரிலிருந்து எழுந்து வந்து என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவனுக்குத் துண்டு வேண்டும், ஒருத்திக்குப் பசி, மாமியாருக்குக் குடை இடம் மாறவேண்டும்.

"உம்மு கைஸ், துண்டெல்லாம் எந்தப் பையில?" என்றேன்.

பதில் இல்லை.

"உம்மு கைஸ்! உங்கம்மா கூப்பிடுறாங்க!"

அசையவில்லை. பாட்டில் மூழ்கிவிட்டாள்போல என்று நினைத்தேன். பாவம், கேட்கட்டும். எந்தப் பாட்டு என்று பார்க்கலாமே என்று மெதுவாகக் குனிந்து கம்பிவலைக்குப் பக்கத்தில் காதை வைத்தேன்.

உள்ளே ஒரு குதிரைகூட ஓடவில்லை.